விரால் குட்டையில் சொல்லப்படுவதும் நடப்பதும்

வெள்ளகோவில் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை தறி நின்றால் இளைஞர்கள் பலர் தூண்டிலும் கையுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். மூங்கில் கழியும் மண்புழுவும் போய், ராடு, ரீல், ரப்பர் தவளை வந்துவிட்டன. ஆனால் தேடுவது அன்றும் இன்றும் ஒன்றைத்தான்: விரால். பாசியும் ஆகாயத்தாமரையும் அடைத்த குளங்கள், தடுப்பணைகள், யாரோ குஞ்சு வாங்கிவிட்ட பண்ணைக் குட்டைகள் என்று தேடிப் போகிறார்கள். கருவி மாறிவிட்டது, கரையில் உட்கார்ந்து பேசுகிற கதைகள் மாறவில்லை. அவற்றில் சில வெறும் பேச்சோடு போகும். சில குளத்தையே காலி செய்துவிடும் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

“குளம் வத்தினா விரால் மண்ணுக்குள்ள போய் வருஷக்கணக்கா உசுரோட கெடக்குமுங்க. தண்ணி வந்தா எந்திரிச்சு வந்துரும்.” இது பரவலான நம்பிக்கை. இதில் பாதி உண்மை. விராலுக்குச் செவுளோடு, தலைக்குள் காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பும் உண்டு. தோலும் அந்த உறுப்பும் ஈரமாக இருக்கும்வரை சேற்றுக்குள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூடத் தாக்குப்பிடிக்கும். சேறு காய்ந்து வெடித்தால் அதோடு சரி. நம் வட்டமலைக்கரை ஓடை அணை எத்தனையோ ஆண்டுகள் பொட்டலாகக் கிடந்தது. அப்படிப்பட்ட இடத்தில் தண்ணீர் சேர்ந்ததும் விரால் தென்பட்டால், அது மண்ணிலிருந்து முளைத்ததாக இருக்க முடியாது. வாய்க்கால் தண்ணீரோடு வந்திருக்கும். மழை இரவில் ஈரத்தரையில் நெளிந்து பக்கத்துக் குட்டையிலிருந்து ஏறியிருக்கும். அல்லது யாராவது கொண்டுவந்து விட்டிருப்பார்கள். மண்ணுக்குள் இருக்கிறது என்று நம்பி, வற்றும் குட்டையைக் கடைசிச் சொட்டு வரை இறைத்து மீனைத் துழாவி எடுத்தால், அடுத்த மழைக்கு விதைமீனே மிஞ்சாது.

“பாசி எவ்வளவு அடர்த்தியோ விரால் அவ்வளவு அதிகம்” என்பது அடுத்தது. விரால் ஓடித் துரத்தும் மீன் கிடையாது, ஒளிந்திருந்து பாய்வது. அதற்கு மறைவு வேண்டும், மறைவுக்கு முன்னால் இரை நடமாடத் திறந்த தண்ணீரும் வேண்டும். ஆகாயத்தாமரை கரைக்குக் கரை மூடிய குளத்தில் வெளிச்சம் இறங்காது, காற்று கலக்காது. தண்ணீருக்குள் வளரும் பாசியும் பகலில் பிராணவாயுவைக் கொடுத்தாலும், இரவில் எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். விடியற்காலையில் கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைப் பிளந்து நிற்பது இதனால்தான். சிறுமீன் செத்தால் விராலுக்கு இரை ஏது? எனவே தூண்டில் போட வேண்டிய இடம் அடர்த்தியின் நடுப்பகுதி அல்ல. பாசியின் ஓரம், அதற்குள் தண்ணீர் தெரியும் சின்னச் சின்ன இடைவெளி, மதகை ஒட்டிய நிழல், இவைதான். தவளையைப் பாசிமேல் இழுத்து வந்து அந்த இடைவெளியில் ஒரு நொடி நிறுத்துங்கள். தண்ணீர் வெடித்ததும் வெட்டி இழுக்காதீர்கள். பாசிக்கு அடியிலிருந்து பாயும் மீன் முதல் அடியில் இரையைத் தவறவிடுவது சகஜம். நூலில் கனம் தெரிந்த பிறகு இழுத்தால் போதும்.

எனக்கு அதிகம் கவலை தருவது இன்னொரு பேச்சு: “விரால் இருக்குதுன்னா தண்ணி நல்ல தண்ணிதான்.” பின்னலாடைத் தொழிலை நம்பி வாழும் ஊர்களில் இதைவிட ஆபத்தான நம்பிக்கை இருக்க முடியாது. மேலே வந்து காற்றை விழுங்குகிற மீன் அது. மேலே வரவிடாமல் வலைக்கடியில் அமுக்கினால், நல்ல தண்ணீரிலேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும். அதே காரணத்தால், மற்ற மீன் செத்து மிதக்கும் தண்ணீரிலும் இது பிழைத்திருக்கும். அது உயிரோடு இருப்பதை வைத்துத் தண்ணீருக்கு நற்சான்று கொடுக்க முடியாது. ஆகாயத்தாமரை பச்சைப்பசேல் என்று செழித்திருப்பதும் அப்படித்தான். சாக்கடை கலந்து சத்து மிகுந்த தண்ணீரில்தான் அது வெறிகொண்டு வளரும். கன உலோகங்களையும் உறிஞ்சி வேரில் சேர்த்துவைக்கும். நமக்கு வடக்கே நொய்யலில், பாசனத்துக்கென்று 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூரின் சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போனதை இந்தப் பக்கத்து விவசாயிகள் யாரும் மறக்க மாட்டார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலையை எட்டும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. கழிவு இறங்கும் ஓடையிலோ குளத்திலோ பிடித்த மீன் எவ்வளவு கொழுத்திருந்தாலும் குழம்புக்கு வேண்டாம்.

புல்கெண்டை விட்டால் ஆகாயத்தாமரை ஒழிந்துவிடும் என்று காசு கொடுத்துக் குஞ்சு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். 1959இல் ஹாங்காங்கிலிருந்து இந்தியாவுக்கு வந்த மீன் அது. வேலம்பாசி போலத் தண்ணீருக்குள் வளரும் மென்மையான பாசியை நன்றாகத் தின்னும். ஆகாயத்தாமரையை விரும்பித் தொடாது. ஆகாயத்தாமரைக்கென்று இருப்பது அதன் தாய்நாடான தென்னமெரிக்காவைச் சேர்ந்த கூன்வண்டு. 1980களில் பெங்களூரு ஏரிகளில் அதை விட்டுப் பலன் கண்டிருக்கிறார்கள். சிறு குட்டைக்கு ஆள் வைத்து வாரிக் கரையேற்றுவதே சுலபம். முழுதும் வாராமல் ஓரத்தில் கொஞ்சம் விட்டுவைத்தால் விராலுக்கும் ஆகும்.

விரால் குஞ்சு விடுவதைப் பற்றியும் இரண்டு பேச்சுகள் உண்டு. விட்டால் கெண்டைக் குஞ்சையெல்லாம் தின்று தீர்த்துவிடும் என்பது ஒன்று. கட்லா, ரோகு குஞ்சுகள் விரல் நீளத்தில் இருக்கும்போது பெரிய விரால் கிடந்தால் அது உண்மைதான். ஆனால் ஜிலேபி மீன் பெருகி, எல்லாம் உள்ளங்கை அளவிலேயே நின்றுபோன குட்டையில், ஜிலேபிக் குஞ்சுகளைத் தின்று கணக்கைக் குறைப்பது விரால்தான். அமெரிக்காவில் வாஷிங்டன் போன்ற மாநிலங்கள் இதே வேலைக்கு டைகர் மஸ்கி என்ற மீனை ஏரிகளில் விடுகின்றன. இரண்டு வேட்டை மீன்களைக் கலந்து உண்டாக்கிய அந்த இனமும் பாசிக்குள் பதுங்கிப் பாய்வதுதான். அது பெரும்பாலும் மலடு. விட்டதற்கு மேல் பெருகாது. ஆகவே ஏரியில் எத்தனை இருக்க வேண்டும் என்பது விடுகிறவர் கையில் இருக்கிறது. விரால் அப்படியில்லை, இங்கேயே பிறந்து இங்கேயே பெருகும் மீன். ஒரு முறை சரியாகக் காப்பாற்றினால் மறுபடி குஞ்சு வாங்க வேண்டியதில்லை. விடும்போது ஒரே அளவுக் குஞ்சாகப் பொறுக்கி விடுங்கள். பெரியது சின்னதை விழுங்கும். விரால் உயிர் இரையைத் தவிர எதையும் தொடாது என்ற இன்னொரு பேச்சும் தவறு. சிறு வயதிலேயே பழக்கினால் மிதவைத் தீவனத்தை எடுத்துக்கொள்ளும். வேகமாக வளரும் என்று யாராவது ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள். அரசு தடை செய்த மீன் அது. வெள்ளத்தில் குட்டையை விட்டு வெளியேறினால் ஆற்றிலுள்ள நாட்டு மீனை மிச்சம் வைக்காது.

கடைசியாக, தூண்டில்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒன்று: “குஞ்சு கொதிக்கிற எடத்துல தவளையைப் போட்டாத் தாய் கட்டாயம் அடிக்கும்.” அடிக்கும் என்பது நிஜம். ஏன் அடிக்கிறது என்பதுதான் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. மழைக்காலத்தில் ஜோடி விரால்கள் பாசியை விலக்கி வட்டமாக இடம் செய்கின்றன. முட்டைகள் மஞ்சள் மணிகளாக மேலே மிதக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரித்துவிடும். பிறகு செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே கூட்டமாக நகரும். காற்றெடுக்க மாற்றி மாற்றி மேலே வரும்போது அந்த இடம் மட்டும் தூறல் விழுவதுபோலச் சலசலக்கும். அதற்கு நேர் கீழே தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கின்றன. நிறம் கறுத்துத் தனித்தனியாகப் பிரிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கூட்டத்துக்குள் எது நுழைந்தாலும் பெற்றோர் பாயும். தவளையை அவை இரையென்று கவ்வவில்லை, எதிரியென்று அடிக்கின்றன. காவல் மீன் கரையேறினால் ஜிலேபியும் தண்ணீர்ப் பாம்பும் கொக்கும் அந்தக் கூட்டத்தைத் தின்று முடிக்கும். ஒரு கிலோ மீனுக்காக ஒரு தலைமுறையே போய்விடுகிறது. திறமை என்று இதில் ஒன்றுமில்லை. அடித்தே தீர வேண்டிய நிலையில் இருக்கும் மீனைப் பிடிப்பது வேட்டையில் சேராது.

நம் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த மாதங்களில் பாசி ஓரம் செம்மஞ்சளாகச் சலசலக்கும் இடத்தைப் பார்த்தால் தவளையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கரைக்குப் போங்கள். தெரியாமல் மாட்டிவிட்டால் ஈரக்கையால் முள்ளைக் கழற்றி, பிடித்த இடத்திலேயே உடனே விடுங்கள். குத்தகைக் குளம் என்றால் குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள். அறுந்த நூலைப் பாசியில் விட்டுவராதீர்கள், கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளும். உங்களோடு தூண்டில் போட வரும் பையன்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.