கைரா ஜில்லாப் பால் சங்கமும் அதன் யந்திரங்களும்

நவீன யந்திரம் ஒன்றை வாங்கி நிறுத்திவிட்டால் லாபம் தானே வரும் என்று எண்ணுவோர் பலர். எந்த யந்திரம் வேண்டும், அது எதற்கு வேண்டும் என்பவற்றை நிர்ணயிப்பது ஸ்தாபனத்தின் நிர்வாக ஏற்பாடேயாகும். இதற்குக் குஜராத்தில் ஆனந்த் என்னும் ஊரில் ஏற்பட்ட கைரா ஜில்லாக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கத்தின் சரித்திரம் தக்க உதாரணமாகும். எருமை வைத்திருக்கும் மிராசுதார்களும், கிராமச் சங்கங்களை மேற்பார்வையிடும் உத்தியோகஸ்தர்களும் இதைக் கவனித்தல் நலம்.

1945 முதல் அப்பகுதியின் பால் ஒரு தனியார் கம்பெனியின் மூலமாகவே பம்பாய்க்குச் சென்றது. விலையைத் தரகர்கள் நிர்ணயித்தனர். 1946 ஜனவரி 4-ந் தேதி சமர்க்கா கிராமத்தில் மொரார்ஜி தேசாய் முன்னிலையில் கூடிய குடியானவர்கள், தாங்களே சங்கம் அமைப்பதென்று தீர்மானித்தனர். அதற்குச் சர்க்கார் இணங்கும்பொருட்டுச் சில தினங்கள் பம்பாய்க்குப் பால் கொடாமல் நிறுத்தினர். அவ்வாண்டு டிசம்பர் 14-ந் தேதி சங்கம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவராயிருந்தார். 1948 ஜூன் மாதத்தில் இரண்டு கிராமங்களினின்று நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர் பாலுடன் வேலை தொடங்கிற்று.

சங்கத்தின் முக்கிய விதி யாதெனில், அங்கத்தினர் காலையும் மாலையும் கொணரும் நல்ல பால் முழுவதையும் ஆண்டு முழுவதும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே. சொல்வதற்கு எளிய விதி, நடத்துவதற்குக் கடினம். கோடையில் கறப்பதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு பாலை எருமைகள் குளிர்காலத்தில் கறக்கின்றன. நகரத்தாரோ குளிர்காலம் என்பதற்காக இருமடங்கு குடிப்பதில்லை. மிகுந்த பாலைத் திருப்பி அனுப்பினால் அங்கத்தினர் மீண்டும் தரகனிடமே செல்ல நேரிடும். பிறகு கோடையில் சங்கத்துக்குப் பால் வருமென்பது என்ன நிச்சயம்?

இந்த நெருக்கடியே பால்பொடித் தொழிற்சாலையைக் கொண்டுவந்தது. எருமைப்பாலைப் பொடியாக்க இயலாது என்று அயல்நாட்டு நிபுணர் சிலர் கூறினர். 1949-ல் ஆனந்துக்கு வந்த வர்கீஸ் குரியனுடன் பணியாற்றிய எச். எம். தலாயா, பாலை நுண்துளிகளாகச் சிதறச் செய்து வெப்பக் காற்றில் உலர்த்தும் முறையால் அது இயலும் என்று காட்டினார். 1955 அக்டோபர் 31-ந் தேதி ஜவஹர்லால் நேரு அத்தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். அதன்பின் வியாபாரத்தின் போக்கே மாறிற்று. பம்பாய்க்குப் பாலை மட்டும் அனுப்பிவந்த சங்கம், பொடியும் வெண்ணெயும் 'அமுல்' என்ற தன் சொந்தப் பெயரால் விற்கலாயிற்று. மைசூரிலுள்ள மத்திய உணவு ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்த முறைப்படி, எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவும் பின்னர் தயாரித்தது.

எனினும் சங்கத்தை நிலைநிறுத்தியது இப்பெரிய ஆலை மட்டுமன்று. கிராமத்தில் மேஜைமேல் வைக்கும் பரிசோதனைக் குழாய்க்கும் அதில் சம பங்குண்டு. அதன் உபயோகத்தைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். லாக்டோமீட்டர் ஒன்றையே நம்பினால் மோசம் போகலாம். தண்ணீர் கலந்தால் அதன் அளவு குறையும், ஏடெடுத்தால் ஏறும். இரண்டையும் சேர்த்துச் செய்பவனை அது காட்டிக்கொடாது. ஆதலின் கொழுப்பைச் சோதித்து, அதற்கேற்ப விலை கொடுத்தனர். 7 சதவிகிதம் கொழுப்புள்ள 7 லிட்டர் பாலில் ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்தால் பால் 8 லிட்டராகும், கொழுப்போ 6.1 சதவிகிதமாக இறங்கிவிடும். கொழுப்பின் மொத்த நிறை மாறாததால் கிரயமும் ஏறாது. தண்ணீர் சுமந்த கூலிதான் மிச்சம்! காலைப் பாலுக்கு மாலையிலும், மாலைப் பாலுக்கு மறுநாள் காலையிலும் பணம் கொடுத்ததால், ஒற்றை எருமை வைத்திருக்கும் ஏழையும் தன் பாலின் தரத்தை உடனுக்குடன் அறிந்தான். தீனியில் சிக்கனம் செய்தால் நஷ்டம் யாருக்கு என்பதையும் கண்கூடாகக் கண்டான்.

1990-ஆம் ஆண்டுகளில் மின்சாரப் பரிசோதனைக் கருவிகளும் கம்ப்யூட்டர்களும் அக்கிராமங்களுக்கு வந்தன. நிறை, கொழுப்பு, கிரயம் மூன்றும் அச்சிட்ட சீட்டு பால் ஊற்றியவர் கையில் அப்போதே கிடைத்தது. குமாஸ்தா கணக்கெழுதும் நேரமும், அதனால் விளைந்த சந்தேகமும் குறைந்தன.

ஆனால் மாதிரி எடுப்பவன் அசட்டையாயிருப்பின் எக்கருவியும் பயன்படாது. நின்ற பாலில் கொழுப்பு மேலே திரளும். பாத்திரத்தை நன்கு கலக்காமல் மேலிருந்து மொண்டால் ஒருவனுக்கு அதிக லாபம். அடியிலிருந்து மொண்டால் மற்றொருவனுக்கு அநியாய நஷ்டம். கெர்பர் முறையில் சோதிக்கும் சங்கங்களில் திராவகம் 10 மில்லிலிட்டர், பால் 10.75, அமைல் ஆல்கஹால் 1 என்ற அளவுகள் தவறக்கூடாது. குழாயைச் சுழற்றியபின் 65 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் வைத்தே அளவைப் பார்க்க வேண்டும். சங்கத்தைப் பார்வையிடச் செல்லும் உத்தியோகஸ்தர்கள் கணக்குப் புஸ்தகத்தைத் திறப்பதற்குமுன், பால் ஊற்றும் வேளையில் வரிசையின் ஓரமாக அரைமணி நேரம் நின்று மாதிரி எடுக்கும் விதத்தைக் கவனிப்பார்களாக.