பல துறை, ஒரு கோயில்

வேங்கிக்கால்

அன்புள்ள தம்பிக்கு,

பல துறையினர் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சி எப்படி வெற்றி பெறுகிறது என்பதையே உன் ஆய்வுப் பொருளாக எடுத்திருக்கிறாய். மனம் நிறைந்தது.

வூக்டி, ஜோன்ஸ், உஸி என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஐம்பது ஆண்டுகளின் சுமார் 2 கோடி கட்டுரைகளை அலசி, அறிவுலகம் தனியாளிடமிருந்து குழுவுக்கு நகர்வதை 2007இல் காட்டினார்கள். அந்தக் கட்டுரையை அவசியம் படி. ஆனால் குழுவுக்குள் நடப்பதை அந்தக் கணக்கு சொல்லாது. அதற்கு நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது.

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலைப் பற்றிப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் 1989 முதல் 1999 வரை வெளியிட்ட தொகுதிகளை எடுத்துப் பார். கல்வெட்டுகளைப் பி.ஆர். சீனிவாசன் பதிப்பித்தார். தொல்லியலைப் பிரான்சுவாஸ் லெர்னோ, கட்டடக் கலைஞர் பியர் பிஷார், ஜான் தெலோஷ் ஆகியோர் எழுதினார்கள். கோயிலின் சமூக அமைப்பை மரி-லூயிஸ் ரெனிஷ் ஆராய்ந்தார். நகரத்தைப் பற்றிய தொகுதியில் மக்கள்தொகை ஆய்வாளர் கில்மோத்தோவுடன் ரெனிஷும் பிஷாரும் இருக்கிறார்கள். பூசைகளையும் திருவிழாக்களையும் லெர்னோவும் ரெனிஷும் சேர்ந்து எழுதினார்கள்.

எத்தனை துறைகள் என்று எண்ணுவதோடு நின்றுவிடாதே. எந்தப் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் வருகிறது என்று பார். தன் துறையின் எல்லையைத் தாண்டி அடுத்தவர் வேலைக்குள் போனவர்கள் அவர்கள்தான். அப்படிப்பட்டவர் இல்லாத குழுவில் அத்தியாயங்கள் சேரும், அறிவு சேராது.

ஏன் தாண்ட வேண்டும்? திருப்பணியின்போது கல் இடம் மாறலாம். கல்வெட்டில் உள்ள ஆண்டு அந்தச் சுவரின் வயதுதானா என்பதைக் கல்வெட்டு படிப்பவர் தனியாகத் தீர்மானிக்க முடியாது. சுவரை அளந்தவரைக் கேட்க வேண்டும். பழைய கட்டளை ஒன்று இன்றும் நடக்கிறதா என்பதைச் சுவரை அளந்தவரும் சொல்ல முடியாது. பூசையைக் கூடவே இருந்து கவனித்தவரைக் கேட்க வேண்டும். ஒருவர் கேள்விக்கு இன்னொருவரிடம் பதில் இருக்கும் இந்த இடங்களைத்தான் நீ தேட வேண்டும்.

அட்டையில் இல்லாதவர்களையும் விசாரி. மைப்படி எடுத்தவர் யார், அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்தவர் யார், சந்தேகம் தீர்த்த சிவாச்சாரியார் யார்? கல்வெட்டுத் தொகுதி ஆங்கிலத்தில் வந்தது; மற்றவை பிரெஞ்சில். ஆய்வுக்கு இடம் கொடுத்த ஊர்க்காரர் தம் மொழியில் அந்த ஆய்வைப் படிக்க முடிகிறதா என்பதும் வெற்றியின் அளவுகோல்தான். அதை விட்டுவிடாதே.

பழகிப் பார்க்கத் தூரம் போக வேண்டாம். கார்த்திகை தீபத் திருவிழாவுக்கு முன் காவல், சுகாதாரம், போக்குவரத்து, வனம், அறநிலையத் துறை எல்லாம் சேர்ந்து திட்டமிடுகின்றன. ஆட்சியர் அலுவலகமோ வேங்கிக்காலிலேயே இருக்கிறது. அனுமதி கிடைத்தால் ஒரு கூட்டத்தில் உட்கார். யார் பேசினார்கள் என்பதைவிட, யார் சொன்னதைக் கேட்டு யார் தம் திட்டத்தை மாற்றிக்கொண்டார்கள் என்று குறித்துக்கொள். அந்தக் குறிப்பேட்டிலிருந்து உன் ஆய்வைத் தொடங்கு.

அன்புடன்,
உன் அண்ணன்