சாய்தளம் ஏறும் வண்டி: தொடக்க வகுப்புகளில் ரோபோ வழியே பொறியியல் வடிவமைப்பு

ரோபோக் கருவிப்பெட்டியுடன் வரும் படவிளக்கத்தைப் பக்கம் பக்கமாகப் பின்பற்றி ஒரு வண்டியைப் பூட்டி முடிக்கும் மாணவருக்குப் பாகங்களைப் பொருத்தும் கைப்பழக்கம் வாய்க்கிறதே தவிர, வடிவமைக்கும் பயிற்சி கிட்டுவதில்லை. ஒரு தேவையை வரையறுத்து, பல தீர்வுகளை ஒப்பிட்டு, ஒன்றைச் செய்து, சோதித்து, திருத்துகின்ற தொடர்ச்சியே பொறியியல் வடிவமைப்பு எனப்படும். பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகம் 2003-இல் தொடங்கிய தொடக்கப் பள்ளித் திட்டம் இதனைக் கேள், கற்பனை செய், திட்டமிடு, உருவாக்கு, மேம்படுத்து என்னும் ஐந்து படிகளாக வகுத்தது. இவற்றுள் நேரம் போதாதென்று வகுப்பறைகளில் எளிதில் கைவிடப்படுவது கடைசிப் படி. பாடத்தின் உயிரோ அங்கேதான் உள்ளது. ஆதலால் இங்கு விளக்கப்படும் முறையில் ஆறு பாடவேளைகளுள் மூன்று, சோதனைக்கும் திருத்தத்திற்கும் என முன்னரே ஒதுக்கப்படுகின்றன.

முதற்படி, சிக்கலை வரையறுத்தல். ஒரு மீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையை 20 செ.மீ. உயர்த்திச் சாய்தளம் அமைத்து, 200 கிராம் சுமையுடன் வண்டி அதன் உச்சியை அடைய வேண்டும் என்று ஆசிரியர் அறிவிக்கலாம். எது நடந்தால் வெற்றி என்று கூறுவது நிபந்தனை. ஒரே மோட்டார், கொடுத்த பாகங்கள், குறித்த நேரம் என எவற்றுக்குள் நின்று செய்ய வேண்டும் என்று கூறுவது வரம்பு. 2013-இல் வெளியான அமெரிக்காவின் அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகள் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் எதிர்பார்க்கும் முதல் திறனும் இவ்விரண்டையும் கூறி ஒரு சிக்கலை வரையறுப்பதே ஆகும். இவற்றை மாணவர்கள் தம் சொற்களில் குறிப்பேட்டில் எழுதிய பின்னரே பெட்டி திறக்கப்பட வேண்டும். பாகங்கள் கைக்கு வந்துவிட்டால் எந்தக் குழந்தையும் எழுதாது.

இரண்டாம் படியில், மூவர் கொண்ட குழுவின் ஒவ்வொரு மாணவரும் முதலில் தனியே ஒரு படம் வரைய, அதன்பின் மூன்று படங்களையும் நிபந்தனைகளோடு ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்து, தேர்ந்த காரணத்தை ஒரு வரியில் எழுதுகின்றனர். தனியே வரையச் செய்யாவிட்டால், குரல் உயர்ந்த மாணவரின் எண்ணமே குழுவின் எண்ணமாகிவிடும்.

மூன்றாம் படி, முன்மாதிரி, அதாவது சோதித்துப் பார்ப்பதற்கான முதல் வடிவம். இங்குப் பற்சக்கரம் பற்றிய சிறு விளக்கம் தேவைப்படும். மோட்டாரின் அச்சில் 8 பற்கள் கொண்ட சக்கரமும் வண்டிச் சக்கரத்தின் அச்சில் 24 பற்கள் கொண்ட சக்கரமும் இணைந்தால், மோட்டார் மூன்று முறை சுழலும்போது வண்டிச் சக்கரம் ஒரு முறையே சுழலும். வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைய, சுழற்றும் வலிமையாகிய முறுக்குவிசை, உராய்வில் இழப்பது போக, ஏறத்தாழ மூன்று மடங்காகும். இதைச் சூத்திரமாகச் சொல்வதைவிட, ஒரு பல்லில் வண்ணப் பொட்டு வைத்துச் சுற்றுகளை எண்ணச் செய்வது நன்று. விலை குறைந்த மஞ்சள் நிறக் கியர் மோட்டாரும் அட்டையும் கொண்டு செய்யும் பள்ளிகளில் பற்சக்கரங்கள் மோட்டாரின் கூட்டுக்குள்ளேயே அடைபட்டிருப்பதால், அங்கு மாற்றத்தக்கது சக்கரத்தின் அளவு: சிறிய சக்கரம் மெதுவாகச் சென்றாலும் கூடுதலாக உந்தும். நிரலைப் பொறுத்தவரை, மோட்டாரை இயக்கிக் குறித்த நேரத்தில் நிறுத்தும் இரண்டு மூன்று கட்டளைக் கட்டைகளே போதும்.

நான்காம் படி, நியாயமான சோதனை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஏனையவற்றை அப்படியே வைத்து, ஒவ்வொரு வடிவத்தையும் மூன்று முறை ஓட்டி, ஏறிய தூரத்தைச் சென்டிமீட்டரில் பதிவதே அது. பலரும் கவனிக்கத் தவறும் மாறி மின்கலம். தேய்ந்த மின்கலத்துடன் ஓடிய வண்டி தோற்க, குழந்தைகள் பழியைப் பற்சக்கரத்தின்மேல் போடுவர்.

ஐந்தாம் படியே ஆசிரியரின் முழுக் கவனத்தையும் கோருவது. வண்டி ஏறாதபோது "எப்படி நின்றது?" என்று கேட்டுவிட்டு ஆசிரியர் காத்திருக்க வேண்டும். மோட்டார் முனகியபடி சக்கரம் அசையாது நின்றால் முறுக்குவிசை போதவில்லை. அந்நிலையில் மின்னோட்டம் மிகுந்து மோட்டார் சூடேறும் என்பதால் உடனே நிறுத்தவும் கற்பிக்க வேண்டும். சக்கரம் சுழன்றும் வண்டி நகராவிட்டால் குறை பிடிமானத்தில் உள்ளது. பற்சக்கரத்தை மாற்றிப் பயனில்லை, சக்கரத்தில் ரப்பர் வளையம் மாட்டுவதோ சுமையை உந்தும் சக்கரங்களின்மேல் நகர்த்துவதோ உதவும். முன்பக்கம் தூக்கி வண்டி பின்னோக்கிக் கவிழ்ந்தால், சுமை உயரத்திலோ பின்புறத்திலோ மிகையாக உள்ளது. சுமையைப் பின்னச்சின் பக்கம் நகர்த்திப் பிடிமானம் பெற்ற குழு, அடுத்த ஓட்டத்திலேயே கவிழக்கூடும். ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்கும் இந்த இழுபறியைப் பத்து வயதில் கையால் உணர்வதற்கு இதைவிட எளிய வழி அரிது. இங்கே ஆசிரியர் கைநீட்டித் திருத்திக் கொடுத்தால், வண்டி ஏறும், பாடம் நின்றுவிடும்.

மதிப்பெண் குறிப்பேட்டுக்கே உரியது. உச்சியை எட்டாத வண்டியாயினும், எந்தக் குறையைக் கண்டு எதை மாற்றினர், அதனால் தூரம் எவ்வளவு மாறியது என்று பதிந்துள்ள குழுவுக்கு, முதல் ஓட்டத்திலேயே ஏறிவிட்டு எதையும் எழுதாத குழுவைவிடக் கூடுதல் மதிப்பெண் கிடைக்க வேண்டும். அவ்வாறு ஏறிவிட்ட குழுவுக்குச் சாய்தளத்தை 5 செ.மீ. உயர்த்திக் கொடுக்கலாம்.