குடிக்கூலிச் சட்டமும் ஒரு சொற்றொடரும்

வீட்டு வாடகைக்குத் தமிழில் வழங்கிய பழஞ்சொல் குடிக்கூலி என்பதாகும். குடியிருத்தலுக்குக் கொடுக்கும் கூலி என அது பொருள்படும். இச்சொல் இன்று வழக்கில் அருகிவிட்டது. ஆனால் கூலி கொடுத்துக் குடியிருப்போர் தொகை நம் நகரங்களில் பெருகியே வருகிறது. அவர்களுக்குச் சட்டம் தரும் காப்பு யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், எழுத்தின்றிக் குடிபுகுந்தவரையும் காத்தது. நியாய வாடகையை அரசு அலுவலரே வரையறுத்தார். பல்லாண்டுகளாக வாடகை உயராமல் கிடந்தமை குறித்து உரிமையாளர்கள் முறையிட்டதுண்டு. அம்முறையீட்டில் உண்மை இல்லாமலும் இல்லை. 22.02.2019 அன்று நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையை மாற்றியது. இருவரும் எழுதி ஒப்பமிட்ட உடன்பாட்டில் கண்டதே இப்போது வாடகை. அவ்வுடன்பாடு வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு பெறவும் வேண்டும். பதியாத பத்திரத்தைச் சான்றாக ஏற்கலாகாது என்றும் சட்டம் கூறுகிறது.

குடியிருப்போருக்குப் புதிய சட்டம் அளிக்கும் காப்புகள் சிறியன அல்ல. வீட்டைப் பார்வையிட விரும்பும் உரிமையாளர் 24 மணி நேரத்திற்கு முன் எழுத்துவழி அறிவிப்புத் தர வேண்டும். குடியிருப்பவரை வெளியேற்றும் பொருட்டுத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துதல் கூடாது. கோடைக்காலத்தில் மேல்நிலைத் தொட்டியின் குழாயை அடைத்துவிட்டு, 'வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லப்பெற்ற குடும்பத்தாருக்கு இவ்விதியின் அருமை விளங்கும்.

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது முன்பணம் பற்றிய விதி. மூன்று மாத வாடகைக்கு மேற்பட்ட காப்புத்தொகை வாங்குவது சட்டத்திற்குப் புறம்பானது என்கிறது அது. படித்தவுடன் மகிழ்ச்சி தோன்றுகிறது. ஆயின் அதே வாக்கியத்தின் தலைப்பில், 'மாறான உடன்பாடு இருந்தாலன்றி' என்னும் பொருளுடைய சொற்றொடர் அமர்ந்திருக்கிறது. இலக்கணம் பயின்ற நம் மாணவர்கள் இதன் ஆற்றலை எளிதில் உணர்வர். 'அன்றி' என்னும் ஒரு சொல் வாக்கியம் முழுவதையும் நிபந்தனைக்கு உட்படுத்திவிடுகிறது. சென்னையில் பத்து மாத வாடகையை 'அட்வான்ஸ்' என்று கேட்பது நெடுநாளைய வழக்கம். அதற்கு இசைந்து ஒப்பமிடுபவர், தமக்குரிய காப்பைத் தம் கையாலேயே நீக்கிக்கொள்கிறார்.

வீடு தேடி அலைந்து களைத்தவருக்குப் பேரம் பேசும் வலிமை ஏது என்று வினவலாம். அவ்வினா நியாயமானதே, சட்டம் அதற்கு விடை கூறவில்லை. இது அச்சட்டத்தின் குறை என்றே நான் கருதுகிறேன்.

அண்மையில் என் முன்னாள் மாணவர் ஒருவர் தம் தந்தையாருடன் என்னைக் காண வந்தார். ஆறாண்டுகள் குடியிருந்த வீட்டைக் காலிசெய்து நான்கு மாதங்கள் ஆகியும் முன்பணம் திரும்பவில்லை. உரிய பிடித்தம் போக எஞ்சியதை ஒரு மாதத்திற்குள் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். 'பத்திரம் இருக்கிறதா?' என்றேன். "இல்லைங்க சார், நல்ல மனிதர் என்று நம்பிக் கையில் கொடுத்தோம்" என்றார் தந்தையார். இரசீதும் இல்லை. பணம் வங்கிவழிச் சென்றதா என்று கேட்டேன்; இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர்.