நோயாளியைப் பார்க்கிறீர்கள், உங்களை யார் பார்ப்பது?

மாமியாருக்குப் பக்கவாதம். பத்துக்குப் பத்து அறை. ராத்திரி நாலு முறை எழுந்திருக்க வேண்டும். தாராவியில் இது புதுக்கதை இல்லை. இரண்டு வாரமாகத் தூக்கம் கெட்டு, தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வந்தால் 14416-ஐ அழையுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் இது. 24 மணி நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம். வீட்டில் எல்லார் காதும் உங்கள் பேச்சிலேயே இருக்குமா? காய்கறி வாங்கப் போகும்போது மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸில் உட்கார்ந்து பேசுங்கள்.

நேரில் பார்க்க, நடக்கிற தூரத்தில் சயான் மருத்துவமனை மனநலப் பிரிவு; காலையிலேயே போய் கேஸ் பேப்பர் எடுங்கள். “அது பைத்தியத்துக்குத்தானே?” என்பார்கள். சொல்லட்டும்.

ஞாயிறு இரண்டு மணி நேரம் நாத்தனாரை மாமியார் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். வாய்விட்டுக் கேளுங்கள், தானாக வர மாட்டார்.