மால் விரிகிறதா? மொத்தக் கணக்கைப் போடுங்கள்

சிவில் படித்தவரோ, சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவரோ, சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இப்படி ஒரு ஃபைல் மேசைக்கு வரும்: ஓடிக்கொண்டிருக்கும் மால், பக்கத்தில் புது பிளாக், மேலே மல்டிபிளக்ஸ். இடம் மதுரையில் திருநகர் பக்கம், திருமங்கலம் சாலையை ஒட்டி என்று வைத்துக்கொள்வோம். கட்டுகிறவர் சொல்வார்: "புதுசா கட்டுற பகுதிக்கு மட்டும் ரிப்போர்ட் போட்டுக் குடுங்க சார்." அதற்குச் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

சட்டம் பார்ப்பது கூட்டுத்தொகையை

2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் முன் அனுமதி தேவை. பழைய மால் 12,000, புது பிளாக் 10,000 என்றால் தனித்தனியே இரண்டும் வரம்புக்குள்தான். விரிவாக்கத்துக்குப் பின் 22,000 ஆகிவிடுகிறது. சட்டம் எடுத்துக்கொள்வது இதைத்தான். விண்ணப்பம் பரிவேஷ் இணையதளம் வழியே மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்குப் போகும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை தனி.

'முன்' அனுமதி என்பதைக் கட்டுகிறவருக்கு அழுத்திச் சொல்லுங்கள். டெல்லி வசந்த் குஞ்சில் மால்களின் கட்டுமானம் அனுமதிக்கு முன்பே தொடங்கிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்த 2006-ல் பெரும் பணம் இறங்கியிருந்தது; அதையும் கருதி நீதிமன்றம் திட்டத்தை அனுமதித்தது. கட்டியபின் செய்யும் மதிப்பீடு நிலத்துக்கு உதவாது.

பதிவேட்டைப் புரட்டியபின் களத்துக்கு

முதலில் வி.ஏ.ஓ. அலுவலகம். புல வரைபடமும் அ-பதிவேடும் பாருங்கள். மதுரைச் சமவெளியில் கண்மாய்கள் சங்கிலியாகப் பின்னியவை. ஒன்றின் மறுகால் தண்ணீர் அடுத்ததற்கு வரத்து. தென்கால், நிலையூர் கண்மாய்கள் இந்தப் பக்கத்தவை. பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்றிருப்பது, களத்தில் பார்க்கிங் ஓரத்துச் சாக்கடையாகச் சுருங்கியிருக்கலாம். டேப் பிடித்து அகலத்தை அளந்து, வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து மழைக் கணக்கு. ஒரு ஏக்கர், அதாவது 4,047 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் சுமார் 2 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 17 லோடு! வெறும் மண்ணாக இருந்தபோது இதில் ஒரு பங்கு உள்ளே இறங்கியது. இனி எந்தத் தெருவுக்கு ஓடும், அங்கே தாழ்வான வீடு எது? இதற்குப் பதில் இல்லாத ரிப்போர்ட் முழுமையாகாது.

இது பாறைப் பூமி. கிணறுகள் பாறைப் பிளவுகளை நம்பியவை. அடித்தளப் பார்க்கிங் தோண்டும்போது இறைக்கும் தண்ணீர் பக்கத்துக் கிணறுகளின் மட்டத்தை இறக்கக்கூடும். தோண்டுமுன்பே அவற்றின் நீர்மட்டத்தைத் தேதியோடு குறித்து வையுங்கள்.

எப்போது, எங்கே அளப்பது?

செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு வண்டி எண்ணினால் சாலை காலியாகத்தான் தெரியும். ஞாயிறு மாலை, முகூர்த்த நாள், தீபாவளிக்கு முந்தைய வாரம், திருப்பரங்குன்றத்தில் திருவிழாக் கூட்டம் கூடும் நாள் ஆகியவற்றில் எண்ணுங்கள்.

ஒலியும் அப்படித்தான். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல். இரவு 10 முதல் காலை 6 வரை 45. கடைசிக் காட்சி விட்டு வண்டிகள் கிளம்புவது இரவில். ஏ.சி. சில்லரும் ஜெனரேட்டரும் அந்நேரம் ஓடலாம். மீட்டரை மால் வாசலில் வைக்காமல், பின்சுவரை ஒட்டிய வீட்டு மாடியில் வையுங்கள்.

கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை. அதனாலேயே நீங்கள் போய்க் கேட்க வேண்டும். ஆட்டோ ஸ்டாண்டில், பூக்கடையில், "போன மழைக்குத் தண்ணி எதுவரைக்கும்ணே நின்னுச்சு?" என்று கேளுங்கள். சுவரில் கறை படிந்த இடத்தைக் காட்டுவார்கள். தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து படமெடுங்கள்.

எழுதும்போது

'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற வரியை அடித்துவிடுங்கள். என்ன செய்வது, எவ்வளவு பெரிதாக, யார் பொறுப்பு, எப்போது, எத்தனை ரூபாய் என்ற ஐந்தையும் எழுதுங்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவைப் பழைய மாலையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பழைய நிலையம் தினமும் ஓடுகிறதா என்று மேனேஜரைக் கேட்பதைவிட அதன் மின் மீட்டரைப் பாருங்கள். மாதக்கணக்கில் யூனிட் ஏறவில்லை என்றால், விரிவாக்கத்துக்கு முன் அதைச் சரிசெய்வதுதான் உங்கள் முதல் பரிந்துரை.

இந்தத் தொழிலில் ஏற

இந்தியத் தரக் கவுன்சிலின் நாபெட் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் சேருங்கள். காற்று, நீர், ஒலி, சூழலியல், சமூகப் பொருளாதாரம் என்று துறைவாரியாக வல்லுநர்கள் அங்கே பொறுப்பேற்பார்கள். ஒன்றைப் பிடித்து அதில் ஆழமாகப் போங்கள், கியூ.ஜி.ஐ.எஸ். வரைபட மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள், இலவசம்தான்.

வேறொரு திட்டத்தின் அளவுகளை நகலெடுத்து ஒட்டச் சொல்லி யாராவது நெருக்கினால் மறுத்துவிடுங்கள். பொய்த் தகவல் தந்தால் விண்ணப்பத்தை நிராகரிக்கவும், கொடுத்த அனுமதியையே ரத்து செய்யவும் அதே 2006 அறிவிக்கை இடம் தருகிறது. கட்டுகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மொத்தக் கணக்குக்கு அவரே ஒத்துக்கொள்வார்.