கோடையில் உறையும் வானம்

ஒன்பதாம் வகுப்பில் வளிமண்டல அடுக்குகளை நடத்தி முடித்தபோது ஒரு மாணவி எழுந்தாள். "துருவத்துக்கு மேலே, இடையடுக்கின் உச்சியில், கோடையிலதான் ரொம்பக் குளிரும்னு படிச்சேன் டீச்சர். அது எப்படி?" "அச்சுப்பிழையா இருக்கும்மா" என்று உட்கார வைத்துவிட்டேன். தேடிப் படித்தபோதுதான் பிழை என்னுடையது என்று புரிந்தது. அடுத்த வாரம் அதையே பாடமாக்கினேன்.

எதிரலையைக் கணக்கிடுதல்

ஒலி திரும்பி வந்தால் எதிரொலி. ரேடியோ அலை திரும்பி வந்தால் எதிரலை. அலாஸ்காவின் போக்கர் பிளாட் ரேடாரில் கோடைகாலத்தில் மிக வலுவான எதிரலைகள் கிடைப்பதை எக்லண்ட், பால்ஸ்லி ஆகியோர் 1981-இல் வெளியிட்டனர். கரும்பலகையில் ஒரு கணக்கு தந்தேன்: அலை 0.00057 நொடியில் திரும்பினால் உயரம் என்ன? ரேடியோ அலையின் வேகம் நொடிக்கு 3,00,000 கி.மீ. போக, வர இரு வழி என்பதால் 2-ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 85 கி.மீ.

ஏன் குளிர்கிறது?

சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்து, வெளியேறும் காற்றில் விரலைக் காட்டச் செய்தேன். விரிவடையும் காற்று குளிர்கிறது. கீழிருந்து எழும் காற்றலைகள் மேலே உடையும்போது அங்குள்ள காற்றோட்டத்தைத் தள்ளுகின்றன. அதனால் கோடைத் துருவத்தில் காற்று மேலெழுந்து, விரிந்து, சுமார் −140 டிகிரி செல்சியஸ் வரை குளிர்கிறது. சூரியன் மறையாத நாள்களிலும் இதுதான் நிலை. அங்குள்ள மிகச் சிறிதளவு நீராவியும் பனித்துகளாக உறைகிறது. அத்துகள்களில் எலக்ட்ரான்கள் ஒட்டிக்கொள்கின்றன. இதனால் எலக்ட்ரான் பரவலில் உள்ள ஏற்ற இறக்கங்கள் விரைவில் கலைவதில்லை. அவற்றில் பட்டே ரேடியோ அலை திரும்புகிறது.

நம் பக்கத்து ரேடார்

ஆவடியிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில், திருப்பதி அருகே காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் உள்ளது. அங்குள்ள ரேடார் 1024 ஆன்டெனாக்களுடன் 53 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது. அதற்கும் இடையடுக்கிலிருந்து எதிரலைகள் வருகின்றன. ஆனால் நம் வானில் அந்த உயரத்தில் பனி உறையும் அளவு குளிர் இல்லை. இங்கே சூரிய ஒளி எலக்ட்ரான்களைப் பிரிக்க, காற்றின் கொந்தளிப்பு அவற்றைக் கலக்கி ஏற்ற இறக்கங்களை உண்டாக்குகிறது. எனவே பெரும்பாலும் பகலில்தான் எதிரலை கிடைக்கும். எதிரலை ஒன்று போலிருந்தாலும் காரணம் வேறு. மாணவர்கள் மனத்தில் பதிய வேண்டிய கருத்து இதுவே.

மதிப்பிட

1. எதிரலை 0.0005 நொடியில் திரும்பினால் உயரம் என்ன?
2. காதங்கி ரேடாருக்கு இடையடுக்கு எதிரலைகள் இரவில் குறைவது ஏன்?
3. "சூரிய ஒளி அதிகம் என்றால் வெப்பமும் அதிகம்" என்பது எப்போதும் சரியா?

மூன்றாம் வினாவைக் கரும்பலகையில் எழுத அந்த மாணவியையே அழைத்தேன். "உன் கேள்விதான் சரி, நான் சொன்னதுதான் தப்பு" என்று வகுப்பின் முன் சொன்னேன். அதன்பின் என் வகுப்பில் எழும் கைகள் கூடியிருக்கின்றன.